மருத்துவச்சி இல்லாத பேறுகாலம்

2024 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்துக் குன்றத்தூர் அருகே ஒரு வீட்டில் குழந்தை பிறந்தது. அந்தத் தம்பதிக்கு அது மூன்றாவது பிள்ளை. பேறுகாலம் பார்த்தவர் கணவர். வீட்டுப் பிரசவ அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு வாட்ஸ்அப் குழுதான் அவருக்கு வழிகாட்டி. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள். தாயும் சேயும் பிழைத்தார்கள். சுகாதாரத் துறையினர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தபின் ஊரெல்லாம் அதே பேச்சு. எல்லா வீட்டுக்கும் இப்படி முடிவதில்லை. 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றார்கள். பள்ளி ஆசிரியையான அந்தத் தாய், குழந்தை பிறந்தபின் உதிரப்போக்கு நிற்காமல் இறந்தார். 2023 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிப் பக்கம் இன்னொரு பெண் அதேபோல் இறந்தார்.

ஒவ்வொரு முறையும் வாதம் ஒரே தடத்தில் ஓடுகிறது. ஒரு பக்கம், “எங்க பாட்டி பத்துப் பிள்ளை பெத்தது வீட்டுலதான்.” மறுபக்கம், “படிச்சவங்களே இப்படிப் பண்ணலாமா?” வீடா, ஆஸ்பத்திரியா என்று கேட்டுவிட்டு இரண்டு தரப்பும் கலைந்துபோகின்றன. எனக்கு இந்தக் கேள்வியே கோணலாகப் படுகிறது. அந்த மூன்று வீடுகளிலும் பாட்டி காலத்துப் பிரசவம் நடக்கவில்லை. பாட்டி பெற்றபோது பக்கத்தில் ஒரு மருத்துவச்சி இருந்தாள். தாயும் அத்தையும் இருந்தார்கள். குன்றத்தூரில் இருந்தது ஒரு கைப்பேசி.

காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் இருந்து இதை யோசிப்பது எனக்கு உதவுகிறது. நெசவு ஊர், ஜினகாஞ்சி என்ற பழைய பெயரும் அதற்கு உண்டு. விஜயநகரத் தளபதியும் அமைச்சருமான இருகப்பர் 1387-88இல் அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலில் சங்கீத மண்டபம் எழுப்பினார். பின்னாளில் தீட்டப்பட்ட அதன் விதான ஓவியங்களில் தீர்த்தங்கரர்களின் பிறப்பும் வாழ்வும் வரிசையாக வருகின்றன. பிறந்த குழந்தையை இந்திரன் மேருவுக்கு எடுத்துச் சென்று நீராட்டுவது அவற்றில் பெயர்பெற்ற காட்சி. சமணப் புராண மரபில் தீர்த்தங்கரரைச் சுமப்பவள் தனித்து விடப்படுவதில்லை. திக்குமாரியர் என்னும் தேவ மகளிர் வந்து அவளுக்குப் பணிவிடை செய்கிறார்கள். திருச்சி மலைக்கோட்டையிலோ வெள்ளத்தால் வர முடியாமல் போன தாயின் உருவில் சிவனே வந்து ஒரு பெண்ணுக்குப் பேறுகாலம் பார்த்தான் என்பது தாயுமானவரின் கதை. சமணமோ சைவமோ, பெற்றெடுப்பவள் அருகில் விவரம் தெரிந்த ஒருத்தி இருக்க வேண்டும் என்பதில் நம் முன்னோருக்கு ஐயம் இருக்கவில்லை.

அந்த ஒருத்தி, தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில், முடிதிருத்தும் சமூகத்துப் பெண். அவர்களை மருத்துவர் என்றே அழைத்தார்கள். ஆண்கள் சவரமும் ரணவைத்தியமும் பார்க்க, பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு வந்ததிலிருந்து மருத்துவச்சி வந்துபோவாள். வயிற்றில் எண்ணெய் தடவிப் பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்று கையால் பார்ப்பாள். பொய் வலி எது, மெய் வலி எது என்று சொல்வாள். குத்தவைத்தோ உத்தரத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டோ பெறவைப்பாள். மல்லாந்து படுக்கச் சொன்னவளாக அவளை யாரும் நினைவுகூர்வதில்லை. நஞ்சுக்கொடி விழும்வரை காத்திருப்பாள். பிறகும் பல நாள் தாய்க்கும் பிள்ளைக்கும் குளிப்பாட்டி, பிரசவ மருந்து இடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போவாள். கூலி: படியரிசி, ஒரு புடவை, வெற்றிலை பாக்கு.

இதைச் சொல்லும்போதே மற்றதையும் சொல்ல வேண்டும். பிரசவ உதிரத்தைத் தீட்டென்று சொன்ன சமூகம், அந்தத் தீட்டைத் தொட்டுத் துடைக்கும் வேலையை ஒரு சாதியின் பெண்களிடம் தள்ளியது. உயிர் காத்தவளைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தியது. அவளுடைய அறிவை யாரும் எழுதிவைக்கவில்லை, அவளுக்கு யாரும் எதையும் கற்றுத்தரவும் இல்லை. கொடியறுத்த கத்தியிலிருந்து ஏறிய ரணஜன்னிக்குப் பச்சைப் பிள்ளைகள் பலியானார்கள். பிள்ளை குறுக்கே கிடந்தால், வலிப்பு வந்தால், உதிரம் நிற்காமல் பெருகினால், அவள் கையில் எதுவும் இல்லை. பத்துப் பெற்ற பாட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள், அந்தப் பத்தில் எத்தனை தங்கியது என்பதையும், முதல் பிரசவத்திலேயே போய்ச்சேர்ந்த பாட்டியின் தங்கையையும் சேர்த்துப் பேச வேண்டும். செத்தவர்களுக்குப் பேத்திகள் இல்லை. அவர்கள் தரப்பைச் சொல்ல ஆளில்லை.

1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் நடந்ததாக ஐடா ஸ்கடர் சொன்ன நிகழ்வு பலருக்குத் தெரியும். மூன்று வீடுகளிலிருந்து மூன்று ஆண்கள் வந்து, பேறுகாலத்தில் தவிக்கும் தங்கள் மனைவியரைக் காப்பாற்ற அவரைக் கூப்பிட்டார்கள். அவர் அப்போது மருத்துவம் படித்தவரல்ல. படித்திருந்த அவருடைய தந்தையோ ஆண் என்பதால் வேண்டாம் என்றார்கள். விடிவதற்குள் மூவரும் இறந்துபோனார்கள். ஐடா 1899இல் கார்னெலில் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பி வேலூரில் தொடங்கியதுதான் பிறகு சி.எம்.சி. ஆனது. அந்த மூன்று வீடுகளிலும் தேவைப்பட்டது கற்றறிந்த ஒரு பெண்ணின் கை என்றே நான் இதைப் படிக்கிறேன். கட்டடம் அதற்கு அடுத்துத்தான்.

அந்தக் கையை உருவாக்கும் முயற்சி சென்னை மாகாணத்தில் நடக்காமல் இல்லை. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844இல் தொடங்கியது. ஊர் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தர 1903இல் கர்சன் சீமாட்டி ஒரு நிதியைத் தொடங்கினார். சென்னை மாநகராட்சியின் குழந்தை நல நிலையங்களிலிருந்து பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் ஏழைகளின் வீடுகளுக்கே போய் இலவசமாகப் பிரசவம் பார்த்தார்கள். 1926இல் செவிலியர், மருத்துவச்சிகளுக்கான பதிவுச் சட்டமும் வந்தது. வீடும் பயிற்சியும் கைகோத்து நடந்த காலம் அது. இன்னும் ஐம்பது ஆண்டு அதே வழியில் போயிருந்தால் நம் கதை வேறாக இருந்திருக்கும்.

போகவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு ஊர்ப்புறத்துக்கென்று உருவாக்கப்பட்ட துணைச் செவிலியர், பெயரளவில் மருத்துவச்சியும்கூட. இரண்டு ஆண்டாக இருந்த அவருடைய பயிற்சி 1977இல் பதினெட்டு மாதமாகக் குறைக்கப்பட்டது. எல்லா வேலைக்கும் ஒருவர் என்ற கொள்கையில் தடுப்பூசி, குடும்பக்கட்டுப்பாட்டு இலக்கு, கணக்கெடுப்பு என்று பணிகள் கூடின. பிரசவம் பார்க்கும் திறன் ஓரத்துக்குப் போனது. நாம் இன்று கிராம சுகாதாரச் செவிலியர் என்று அழைக்கும் அந்த அம்மாவின் கையில் பதிவேடு கனக்கிறது. கர்ப்பத்தைப் பதிவுசெய்து பிக்மி எண் தருவது அவர். குழந்தை பிறக்கும் நேரத்தில் பக்கத்தில் நிற்பது வேறு யாரோ. இன்னொரு பக்கம், 1997இல் கொழும்பில் கூடிய பாதுகாப்பான தாய்மை மாநாட்டை ஒட்டி, பாரம்பரிய மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்து மரணங்களைக் குறைக்க முடியாது, திறன் பெற்ற பணியாளர் வேண்டும் என்று உலக அளவில் கருத்து திரண்டது. கருத்து சரி. இங்கே நடந்ததோ, பழைய மருத்துவச்சியை வீட்டுக்கு அனுப்பியதோடு நின்றுவிட்டது. புதிய மருத்துவச்சி வரவில்லை. அவள் இடத்தை ஒரு கட்டடத்துக்குக் கொடுத்தோம்.

அந்தக் கட்டடம் உயிர்களைக் காத்தது. அதைக் குறைத்துப் பேசுவது நன்றிகேடு. தமிழ்நாட்டில் மருத்துவ நிலையங்களில் நடந்த பிரசவங்கள் 1998-99இல் நூற்றுக்கு 79; 2005-06இல் 88; 2019-21இல் 99.6. ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கையில் இறக்கும் தாய்மார்கள் 2001-03இல் 134 பேர். 2018-20இல் 54 பேர். அதே 2018-20இல் இந்தியாவின் சராசரி 97. இருபத்துநாலு மணிநேரமும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸ், ஒவ்வொரு தாய் மரணத்தையும் ஏன், எப்படி என்று துருவும் தணிக்கை, முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவித்தொகை என்று பலவும் சேர்ந்து செய்த காரியம் இது. அந்தத் தொகை 2006இல் 6,000 ரூபாயானது, 2011இல் 12,000, 2018இல் 18,000.

ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் என்ன நடந்தது? மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் 1995இல் சென்னை நொச்சிக்குப்பத்திலும், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த கானாத்தூர் ரெட்டிக்குப்பத்திலும் தங்கி ஏழைப் பெண்களின் பிரசவ அனுபவங்களைக் கேட்டு 2003இல் ஒரு நூலாக்கினார். காஞ்சிபுரமும் அன்று அதே மாவட்டம்தான். அந்தப் பெண்கள் ஆஸ்பத்திரியை வெறுக்கவில்லை. வலியைத் தூண்டும் ஊசியை அவர்களே கேட்டு வாங்கினார்கள். வலி கூடினால் சக்தி கூடும் என்று நம்பினார்கள். அவர்களைத் தயங்கவைத்தது வேறு: ஆயாவில் தொடங்கி ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டிய காசு, பிரசவ அறையில் கேட்ட வசவு, பிள்ளை பிறந்த கையோடு சம்மதம் கேட்காமல் வைக்கப்பட்ட காப்பர்-டி. சாதியையும் வறுமையையும் வாசலில் விட்டுவிட்டு யாரும் பிரசவ அறைக்குள் போக முடியவில்லை. பிரசவத்தின்போது உறவுப் பெண் ஒருவர் உடன் இருக்கலாம் என்ற ஏற்பாட்டை இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரசு மருத்துவமனைகளில் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. நல்ல ஏற்பாடு. நடைமுறையில் அது பணியில் இருப்பவரின் மனநிலையைப் பொறுத்ததாகவே பல இடங்களில் இருக்கிறது.

இன்றைய அச்சத்துக்குப் பெயர் ஆபரேஷன். 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 குழந்தைகள் சிசேரியனில் பிறக்கின்றன. தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இந்திய சராசரி 21.5தான். மக்கள்தொகை அளவில் பத்து விழுக்காட்டுக்கு மேல் சிசேரியன் கூடுவதால் தாய் சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. தேவையானவருக்கு சிசேரியன் உயிர்; அதில் சந்தேகமே கிடையாது. ஆனால் இரண்டில் ஒரு பங்கை நெருங்கும் ஒரு மாநிலத்தில், கத்தி படாமல் பெற வேண்டும் என்று ஒரு பெண் ஆசைப்படுவது மூடநம்பிக்கை ஆகாது. பஞ்சாங்கம் பார்த்து நேரம் குறித்துத் தருகிற குடும்பங்களுக்கும் இந்த எண்ணிக்கையில் பங்குண்டு என்பதைக் கோயில் ஊர்க்காரர்கள் மறுக்க மாட்டார்கள்.

நெசவாளர் வீட்டில் ஆபரேஷனுக்குக் கூடுதல் விலை இருக்கிறது. தார் சுற்றுவதும், பாவுக்கு உதவுவதும், கோர்வைப் புடவையில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நாடா போடுவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். கூலி புடவைக்கு இவ்வளவு என்று கணக்கு. தறி நின்ற நாளுக்குக் கூலி இல்லை. சுகப்பிரசவம் என்றால் சில நாளில் வீடு. ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரி நாட்கள் கூடும், துணைக்குப் போன மாமியாரின் வேலையும் நிற்கும், தாய் மறுபடி தறியருகே குனிந்து நிமிர மாதங்கள் ஆகும்.

சரி, வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாமா? இங்கே பலரும் மேற்கோள் காட்டும் நாடுகள் நெதர்லாந்தும் இங்கிலாந்தும். இங்கிலாந்தில் ஆபத்துக் குறைவான கர்ப்பிணிகள் 64,000 பேருக்கு மேல் ஆராய்ந்து 2011இல் வெளிவந்த ஆய்வை முழுமையாகப் படிக்க வேண்டும். இரண்டாவது, மூன்றாவது பிள்ளை பெறுகிறவர்களுக்கு, குழந்தையைப் பொறுத்தவரை, வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை. தலைப்பிரசவத்தில் தெரிந்தது: குழந்தை இறப்பு, மூளைப் பாதிப்பு போன்ற கடும் விளைவுகள் மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் 9.3. வீட்டில் தொடங்கிய தலைப்பிரசவங்களில் நூற்றுக்கு 45 பேரை மருத்துவமனைக்கு மாற்ற நேர்ந்தது. அங்கே வீடு என்பது மருத்துவமனையின் ஒரு நீட்சி. பட்டம் பெற்ற மருத்துவச்சி வருகிறார். உதிரப்போக்கை நிறுத்தும் மருந்தும் குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் கருவியும் அவர் பையில் இருக்கின்றன. மருத்துவமனை அவரை அறியும், அவர் சொல்லை மதித்துக் கதவைத் திறக்கும். இதில் எதுவும் இல்லாத வீட்டுக்கு அந்த எண்களைக் கொண்டுவருவது ஏமாற்று.

இன்னொன்று நம் உடல். அந்த ஆய்வில் ஆபத்துக் குறைவானவர் என்று கணக்கிட்ட பெண்ணை இங்கே தேடுவது எளிதல்ல. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48 பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் நன்றாக இருப்பவர் தாங்கிக்கொள்ளும் உதிர இழப்பை ரத்தசோகை உள்ளவர் தாங்க மாட்டார். கர்ப்பகாலச் சர்க்கரை நோய் பற்றிச் சென்னை மருத்துவர் வி. சேஷையா குழுவினர் தமிழ்நாட்டில் செய்த ஆய்வில் நகரத்தில் 17.8 விழுக்காட்டினருக்கும், சிற்றூர்களில் ஏறத்தாழ பத்து விழுக்காட்டினருக்கும் அது இருந்தது. வெளியே தெரியாது, குழந்தை பெரிதாக வளர்ந்து தோள் சிக்கும்போது தெரியும். பரிசோதனையே வேண்டாம் என்று வீட்டில் இருந்துவிடும் பெண்ணுக்குத் தான் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்றே தெரியாது.

நேரமும் ஒரு சிக்கல். தலை இறங்காமல் வலி நீளும் பிரசவம் மணிக்கணக்கில் எச்சரிக்கை கொடுக்கும், 108ஐக் கூப்பிடலாம். பிள்ளை பிறந்த பிறகு கருப்பை சுருங்காமல் பெருகும் உதிரம் அப்படிக் காத்திருக்காது. இரண்டு மணி நேரத்துக்குள், சில வேளை அதற்கும் முன்பே, ஆளை முடித்துவிடும். முன்கூட்டி எந்த அடையாளமும் காட்டாத பெண்ணுக்கும் அது வரலாம். பிறந்த ஒரு நிமிடத்துக்குள் போடும் ஆக்ஸிடோசின் ஊசி அதைப் பெருமளவு தடுக்கும். அந்த மருந்துக்குக் குளிர்ச்சி வேண்டும், ஊசி போடத் தெரிந்த கை வேண்டும். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனை சில கிலோமீட்டர்தான். அங்கேயும் முடியாது என்றால் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி, முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். உதிரம் போகத் தொடங்கியபின் அந்தச் சாலை மிக நீளம். ஆகவே என் முடிவு தெளிவானது: மருத்துவச்சி இல்லாத, பரிசோதனை இல்லாத வீட்டுப் பிரசவத்தை இன்றைய தமிழ்நாட்டில் எந்தப் பெண்ணுக்கும் பரிந்துரைக்க முடியாது. கணவனின் கொள்கைக்காக ஒருத்தி அதில் இறங்குவது இன்னும் கொடுமை. திருப்பூர் வழக்கில் என்னை உறுத்தியது அதுதான்.

ஆனால் கைது செய்வதாலும் பிறப்புப் பதிவை இழுத்தடிப்பதாலும் அச்சம் போகாது. பக்கத்து இலங்கையைப் பாருங்கள். 1879இல் கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு. அங்கிருந்து ஊர்ஊராகப் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள். முதலில் வீட்டில் பிரசவம் பார்த்தவர்கள், மருத்துவமனைகள் பெருகியபின் பெண்களை அங்கே அழைத்துப் போனார்கள். இப்போது அங்கேயும் ஏறக்குறைய எல்லாப் பிள்ளையும் மருத்துவமனையில்தான் பிறக்கிறது. யாழ்ப்பாணத்தில் குடும்பநல மாது என்று மக்கள் அழைக்கும் அந்தப் பெண், கர்ப்பம் தரித்த நாள்முதல் பிள்ளை வளரும்வரை வீட்டுக்கு வந்துபோகிறார். பிரசவம் இடம் மாறியது, அவர் மறையவில்லை.

இந்தியாவும் தாமதமாக அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2018 டிசம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், செவிலியர்களுக்குப் பதினெட்டு மாதம் தனிப் பயிற்சி கொடுத்து, மருத்துவமனைக்கு உள்ளேயே மருத்துவச்சியர் நடத்தும் பிரசவப் பிரிவுகளை அமைக்கச் சொல்கிறது. ஹைதராபாத் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனை 2011இலேயே அத்தகைய பயிற்சியைத் தொடங்கியது. நூற்றுக்கு அறுபது சிசேரியன் என்ற நிலையில் இருந்த தெலங்கானா அரசு அவர்களோடு சேர்ந்து அரசுச் செவிலியர்களைப் பயிற்றுவித்தது. ஆபத்துக் குறைவான பிரசவத்தை மருத்துவச்சி பொறுமையாகப் பார்ப்பார். பெண் நடக்கலாம், குத்தவைக்கலாம், கஞ்சி குடிக்கலாம். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் கருப்பை வாய் திறக்கவில்லை என்பதற்காக மட்டும் ஊசியோ கத்தியோ எடுக்க வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் 2018இல் சொல்லிவிட்டது. சிக்கல் வந்தால் ஆபரேஷன் அறை அதே கட்டடத்தில் இருக்கிறது.

இதை முதலில் செய்திருக்க வேண்டியது தமிழ்நாடு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கூட்டாக வளைகாப்பு நடத்தி, வளையல் அடுக்கிக் கலவை சோறு போட்டுப் பெண்களை வரவழைத்த மாநிலம் இது. பெண்ணின் மனம் எங்கே இருக்கிறது என்று தெரிந்த நிர்வாகம் இங்கே இருந்திருக்கிறது. வளையல் போட்டுவிட்டவர்களில் ஒருவராவது வலி எடுக்கும் இரவில் அவளுடன் இருக்க வேண்டும். அதற்குப் பணியிடம் வேண்டும், மருத்துவச்சி என்ற தனிப் பதவி வேண்டும், பிரசவத்தைத் தன் பொறுப்பில் முடித்துவைக்கும் அதிகாரம் வேண்டும். பரம்பரையாக இந்த வேலையைச் செய்த சமூகத்துப் பெண்களுக்கு அந்தப் படிப்பில் இடமும் மரியாதையும் தர வேண்டிய கடன் தனியாக இருக்கிறது.

அதுவரை, திருப்பருத்திக்குன்றத்திலோ பிள்ளையார்பாளையத்திலோ நாள் நெருங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணும் அவள் தாயும் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியவை சில உண்டு. ஹீமோகுளோபின் எவ்வளவு, சர்க்கரை பார்த்தாயிற்றா, பிள்ளையின் தலை கீழே திரும்பியிருக்கிறதா என்று செவிலியரிடம் கேட்கலாம். சேரப்போகும் ஆஸ்பத்திரியில், தனியாரானால் கட்டாயம், நூற்றுக்கு எத்தனை பேருக்கு ஆபரேஷன் ஆகிறது என்று கேட்கலாம். பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பார்க்கலாம். வலி எடுத்தபின் அம்மாவோ அக்காவோ உள்ளே இருக்க விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டு வைக்கலாம். ஆபரேஷன் வேண்டும் என்று சொன்னால், உடனே செய்ய வேண்டிய காரணமா, காத்திருந்து பார்க்கக்கூடியதா என்று கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது. பதிலை அவளுக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை.